பிரதி இருக்கிறது, பழுதில்லாமல் இருக்கிறதா?



சென்னை ஆவடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளத்தக்கதாய் இருக்கிறது. அவருடைய பூர்வீகம் காரோடு. பெற்றோர் இருவரும் நித்திரையடைந்தபின் ஊரிலுள்ள வீடு பூட்டியே கிடக்கிறது. குடும்பப் புகைப்படங்கள், தாயார் கடைசி நாட்களில் பிள்ளைகளுக்காக ஜெபித்த ஒலிப்பதிவு, தகப்பனார் கணினியில் தட்டெழுதிய கடிதங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் நகல்கள் யாவும் 2013இல் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றப்பட்டு, அந்த வீட்டின் இரும்புப் பீரோவில் வைக்கப்பட்டன. 2019இல் சார்ஜாவிலிருந்து வந்த தம்பி அதிலிருந்து வேறொரு டிஸ்கில் நகலெடுத்துத் தம்மோடு கொண்டுபோனார். இப்போது இரண்டையும் திறந்து பார்த்தால், சில படங்களில் மேற்பாதியில் முகங்கள் தெரிகின்றன, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். தாயாரின் ஜெபம் நடுவிலே அறுந்துபோகிறது. தகப்பனாரின் கடிதங்கள் வாசிக்கக்கூடாத குறிகளாய்த் தோன்றுகின்றன. “இரண்டு பிரதிகள் வைத்திருந்தோமே, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பழுது எப்படி வந்தது?” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பழுது இருப்பதால், இரண்டாவது பிரதி எடுக்கப்படுமுன்பே முதலாவது பழுதாகியிருந்தது என்பது விளங்கும். கணினிக்குப் படத்திலிருப்பது தாயார் முகமா வெறும் சாம்பலா என்று தெரியாது. கொடுத்ததை அப்படியே பெயர்த்து எழுதுகிறது. வேலை முடிந்தது என்றும் சொல்லுகிறது. 2019இல் நடந்தது பிழையில்லாத நகலெடுப்புதான். பிழையும் பிழையில்லாமல் நகலாயிற்று.

ஹார்டு டிஸ்கில் காந்தப் புள்ளிகளாய் எழுதப்பட்டவை காலப்போக்கில் மங்கக்கூடும். டிஸ்க் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளே உண்டு. திருத்தக்கூடாத அளவுக்குச் சேதம் வந்தால் வாசிக்க முடியவில்லை என்று முறையிடும். அப்படி முறையிடுகிற பழுது ஒருவகையில் நல்லது, நமக்குத் தெரிந்துவிடுகிறது. பொல்லாதது முறையிடாத பழுது. தளர்ந்த கேபிள், கணினியின் நினைவகத்தில் ஏற்படும் கோளாறு, நகலாகிக்கொண்டிருக்கையில் போய்விடும் மின்சாரம் போன்றவற்றால் தவறான தரவு சரியானதுபோலவே எழுதப்பட்டுவிடும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தார் 2007இல் தங்கள் சேமிப்பு இயந்திரங்களைச் சோதித்தபோது, யாதொரு எச்சரிக்கையுமின்றி மாறிப்போன தரவுகளைக் கண்டார்கள். அவர்களிடத்திலேயே அப்படியென்றால், நம்முடைய பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

படங்கள் பாதியோடு சாம்பலாவதற்கும் காரணம் உண்டு. கடிதத்தில் ஓர் எழுத்து அழிந்தால் மற்ற எழுத்துகள் வாசிக்கத்தக்கனவாய் இருக்கும். ஜேபெக் படமோ சுருக்கி எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் முந்தினதைச் சார்ந்தே பொருள்படும். நடுவில் ஒரு சிறு துணுக்கு மாறினால் அதற்குப் பின்னுள்ளவை நிலை தடுமாறுகின்றன. ஆகையால் மேற்பாதி தப்பி, கீழ்ப்பாதி கெடுகிறது. தாயாரின் ஒலிப்பதிவு அறுந்தது வேறு வகையாய் இருக்கலாம்: பென் டிரைவிலிருந்து ஏற்றும்போது முழுவதும் போய்ச் சேருமுன் பிடுங்கியிருந்தால், கோப்பின் பெயர் இருக்கும், வால்பகுதி இராது. திரையில் நூறு சதவீதம் காட்டினாலும், பாதுகாப்பாய் நீக்கும் கட்டளையைக் கொடுத்தபின்பே பென் டிரைவை எடுக்க வேண்டுமென்பது இதற்காகத்தான்.

ஊரின் தட்பவெப்பத்தையும் மறக்கலாகாது. காரோட்டிலும் பாறசாலைப் பக்கத்திலும் ஜூனில் இடவப்பாதி தொடங்கினால் சுவர்கள் வியர்க்கும். ஐப்பசியில் துலாமழை இடிமின்னலோடு வரும். ஆளில்லாத வீட்டின் பீரோவுக்குள் ஈரம் புகுந்து தங்கிவிடுகிறது. சிடி, டிவிடி தகடுகளில் பூசணம் படர்வதையும், ஓரத்தில் பூச்சு உரிவதையும் அங்குள்ளவர்கள் கண்டிருப்பார்கள். வருஷக்கணக்கில் சுழலாமலிருந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் சுழல மறுக்கும். பென் டிரைவும் மெமரி கார்டும் எஸ்எஸ்டியும் மின்னூட்டத்தை அடைத்து வைத்துத் தரவைக் காப்பவை; மின்சாரம் காணாமல் வெப்பத்தில் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்துபோகும். தயாரிப்பாளர்களின் பொதுத் தரவிதி, எழுதியெழுதித் தேய்ந்த வீட்டு எஸ்எஸ்டி மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஒரு வருஷம் தரவைக் காத்தால் போதும் என்கிறது. புதிய கருவி அதைவிட அதிக காலம் தாங்கும். ஆயினும் பத்து வருஷம் பெட்டியில் வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொருள் பென் டிரைவ் அல்ல.

இதை வாசிக்கிற இளைஞர்கள், “எல்லாம் கூகிளில் தானாய்ப் போய்ச் சேருகிறதே” என்பார்கள். போய்ச் சேருவது நல்லதே. ஆனால் தானாய் ஒத்திசைக்கும் ஏற்பாடு வேறு, காப்புப் பிரதி வேறு. கைபேசியில் நீங்கள் தவறுதலாய் அழித்தது அங்கேயும் அழியும், சில வாரங்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பின்பு இராது. பழுதாகிய கோப்பு நல்ல கோப்பின் இடத்தில் ஏறி உட்காரும். 2023இல் கூகிள் வெளியிட்ட விதியின்படி, இரண்டு வருஷம் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகள் நீக்கப்படலாம். மரித்துப்போன தகப்பனாரின் கணக்கை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஆர்குட்டில் படங்களை ஏற்றியவர்கள் 2014 செப்டம்பரில் அது மூடப்பட்டதை நினைவுகூருவார்கள். பெரிய ராஜ்யங்களின் சேமிப்பகங்களும் தப்புவதில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அளவு மிகப் பெரிதென்று அதற்கு வெளியே வேறு பிரதி வைக்காதிருந்தார்கள்.

கணினியோடு எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் டிஸ்கிலும் இதுபோன்ற ஆபத்து உண்டு. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. நமது கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் அதில் அகப்பட்டன. இப்படிப்பட்ட நிரல் கணினியோடு சேர்ந்திருக்கும் டிஸ்குகளையும் பூட்டிவிடும். கழற்றி வைக்கப்பட்ட டிஸ்கை அதனால் தொட முடியாது. மின்னலுக்கும் அப்படியே.

அப்படியானால் பிரதி பழுதாகவில்லையென்று அறிவது எப்படி? பத்தாயிரம் படங்களை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்க்க யாருக்கு நேரம்? இந்தக் கேள்விக்கு வேதபாரகர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னே விடை கண்டிருந்தார்கள் என்பதை நினைக்கையில் ஆச்சரியமாயிருக்கிறது. கலிலேயாக் கடலோரத்துத் திபேரியாவிலே எபிரெய வேதாகமத்தைப் பிரதியெடுத்த மசோரெத்தியர் என்பவர்கள், எழுதி முடித்தபின் எண்ணினார்கள். வசனங்களை எண்ணி, ஒவ்வொரு புஸ்தகத்தின் முடிவிலும் தொகையைக் குறித்தார்கள். நடு வசனம் எது, நடு எழுத்து எது என்றும் குறித்தார்கள். அரிதாய் வரும் சொற்கள் எத்தனை தரம் வருகின்றன என்பதை ஓரத்தில் எழுதினார்கள். புதுப் பிரதியில் தொகை ஒவ்வாவிட்டால் எங்கோ தவறு நேர்ந்தது என்பது தெரிந்துவிடும். முழுவதையும் மனப்பாடமாய் அறிந்தவன் வேண்டுவதில்லை. 1008ஆம் வருஷத்தைச் சேர்ந்த லெனின்கிராட் கையெழுத்துப் பிரதி அவர்கள் வழியில் வந்தது. முழுமையாய்க் கிடைத்துள்ள எபிரெய வேதாகமப் பிரதிகளில் அதுவே மிகப் பழையது. 1947இல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் அகப்பட்ட ஏசாயாவின் சுருள் அதற்கும் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தினது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபாடுகள் உண்டு. என்றாலும் அத்தனை காலமும் கையினால் பெயர்த்து எழுதப்பட்டும் நூல் அதே நூலாய் நின்றது.

கணினியில் அந்த எண்ணிக்கை வேலையைச் செய்வதற்கு ஹாஷ் என்று பெயர். ஒரு கோப்பை ஷா-256 என்னும் கணக்கு முறைக்குள் செலுத்தினால் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு குறியீடு வரும். கோப்பு ஒரு வரிக் கடிதமானாலும் மூன்று மணிநேரத் திருமண வீடியோவானாலும் குறியீட்டின் நீளம் அவ்வளவே. உள்ளே ஒரேயொரு துணுக்கு மாறினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். இன்று குறியீட்டை எடுத்து வைத்து, அடுத்த வருஷம் மறுபடியும் எடுத்து ஒப்பிட்டால், எந்தக் கோப்பு மாறியது என்பது பெயரோடு வெளிப்படும். விண்டோஸ் கணினியில் செவன்-ஜிப் என்னும் இலவச நிரலை நிறுவினால், கோப்புறையின்மேல் வலது பொத்தானை அழுத்தும்போதே இந்த வசதி தென்படும். லினக்ஸிலும் மேக்கிலும் இது முன்னமே உண்டு. குறியீட்டுப் பட்டியலை ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு பிரதியாய் வையுங்கள். ஆரம்ப வேலை ஓர் இரவு எடுக்கலாம். கணினி தானே செய்துகொண்டிருக்கும், நீங்கள் நித்திரை செய்யலாம்.

ஹாஷ் பழுதைக் காட்டும், பழுதைத் திருத்தாது. திருத்த வேறொரு நல்ல பிரதி வேண்டும். இங்கே உ. வே. சாமிநாதையரின் உழைப்பை நினைவுகூரலாம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுமுன் அவர் ஓர் ஏட்டோடு திருப்தியடையவில்லை. ஊரூராய்ப் போய்ப் பல ஏடுகளைச் சேர்த்து, பாடபேதங்களை ஒப்பிட்டார். இரண்டு ஏடுகள் முரண்பட்டால் எது சரியென்று தெரியாது. மூன்றாவது ஒன்று இருந்தால் வழக்குத் தீர வழி பிறக்கும். குறியீட்டுப் பட்டியல் இல்லாத வீட்டாருக்கு மூன்று பிரதிகள் அவசியமாவது இதனால்தான். புகைப்படக்காரர்கள் மத்தியில் இதற்கு ஒரு விதியே வழங்குகிறது: மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்று வேறு ஊரில்.

மிகுந்த கவனத்தோடு காத்தும் ஒரே இடத்தில் வைத்ததால் இழந்தவர்களும் உண்டு. மசோரெத்தியரின் பிரதிகளில் மேலானதென்று மதிக்கப்படும் அலெப்போ பிரதி, சிரியாவின் அலெப்போ நகர யூத ஆலயத்தில் பல நூற்றாண்டுகள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை முழுவதும் புகைப்படமெடுக்க இடங்கொடுக்கவில்லை. 1947இல் கலகக்காரர் ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 487 ஏடுகள் இருந்ததாய் மதிப்பிடப்படுகிறது. இன்று இருப்பவை 294. மோசேயின் ஆகமங்களில் பெரும்பகுதி அதில் இல்லை.

எரேமியா ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கியபோது கிரயப் பத்திரம் இரண்டாய் எழுதப்பட்டதை 32ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்: முத்திரையிட்டு மூடியது ஒன்று, எவரும் பார்க்கத் திறந்திருந்தது மற்றொன்று. இரண்டும் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. அக்காலத்துப் பத்திர வழக்கம் அது. அன்றாடம் பார்ப்பதற்கு ஒன்று, தகராறு வந்தால் ஒப்பிடக் கைபடாத ஒன்று. வீட்டிலும் அப்படிச் செய்யலாம். ஒரு டிஸ்க் புழக்கத்துக்கு இருக்கட்டும். மற்றதில் ஒருமுறை எழுதியபின் பழையதை அழிக்காமல், வருஷத்துக்கு ஒரு கோப்புறையாய்ச் சேர்த்துக்கொண்டே போங்கள். பழுதான கோப்பு நல்லதன்மேல் ஏறுவதற்கு அங்கே வழியில்லை.

சகோதரியின் காரியத்துக்கு வருவோம். முதலாவது, காரோட்டிலிருந்து எடுத்த பழைய டிஸ்கில் இனி எதையும் எழுத வேண்டாம்; பழுதுபார்க்கும் நிரல் எதையும் அதன்மேல் ஓட்டவும் வேண்டாம். அதன் முழுப் பிரதியை வேறொரு டிஸ்கில் எடுத்து, அதிலே முயற்சி செய்யுங்கள். இரண்டாவது, தம்பியின் டிஸ்கையும் இதையும் கோப்புக்குக் கோப்பு ஒப்பிடச் சொல்லுங்கள். 2019க்குப் பிறகு கெட்டவை சில இருந்தால் அவை தம்பியிடம் நன்றாயிருக்கக்கூடும். மூன்றாவது, மூலத்தைத் தேடுங்கள். அந்நாளில் படமெடுத்த கேமராவின் மெமரி கார்டு, ஸ்டூடியோக்காரர் கொடுத்த தகடு, மாமன் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது, தாயாரின் ஜெபத்தை முதலாவது பதிவுசெய்த கைபேசி என்று ஒவ்வொன்றாய் விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் தரம் குறைந்ததே; ஆனால் முழு முகமும் தெரியுமே. கேமரா எடுத்த பல ஜேபெக் கோப்புகளின் தொடக்கத்தில் ஒரு சிறு முன்னோட்டப் படமும் ஒளிந்திருக்கும். பெரிய படம் கெட்டாலும் அது தப்பியிருக்கக்கூடும்.

தகப்பனாரின் கடிதங்களைக்குறித்துச் சகோதரி கலங்க வேண்டியதில்லை. அவர் விவரித்ததைப் பார்த்தால் அவை பழுதாகவேயில்லை என்றே தோன்றுகிறது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வருவது பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் தட்டெழுதியதன் அடையாளம். அக்காலத்தில் இப்படிப்பட்ட எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை ஏற்றி வைத்திருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கிலக் குறிகளே தெரியும். பாமினியா, டிஸ்கியா, டாம் அல்லது டாப் முறையா என்று கண்டறிந்து, ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மாற்றியில் இட்டால் தகப்பனாரின் வாக்கியங்கள் திரும்ப வரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைக் கணினியேற்றியபோது, டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பிற்பாடு ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதே 2010இல்தான். மாற்றியபின் மூலக் கோப்பை அழித்துவிடாதிருங்கள், மாற்றிகள் சில எழுத்துகளைத் தவறவிடுவதுண்டு.

நிலப் பத்திரங்களைப்பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகையால் எல்லைக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு நிலத்தின் ஆதாரம் மலையாளத்திலும் மற்றொன்றின் பத்திரம் தமிழிலும் இருக்கும். (ஆதாரம் என்றது ஊர் வழக்கின்படி கிரயப் பத்திரத்தை, ஆதார் அட்டையை அல்ல.) ஸ்கேன் நகல் எவ்வளவு சுத்தமாய் இருந்தாலும் அது பத்திரமாகாது. அசல் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அதற்குப் பதிவு எண்ணும் வருஷமும் தெரிந்திருந்தால் தேடுவது எளிது. ஆகையால் அந்த எண்களைத் தனியே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதம் வாசிக்க மின்சாரம் தேவையில்லை.

எத்தனை டிஸ்க் இருந்தாலும், திறந்து பார்க்கும்வரை அவற்றை நம்புவதற்கில்லை. 1998இல் பிக்சார் நிறுவனத்தார் டாய் ஸ்டோரியின் இரண்டாம் படத்தைத் தயாரிக்கையில், யாரோ கொடுத்த தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழியத்தொடங்கியது. காப்புப் பிரதியை எடுக்கப்போனார்கள். அது ஏறக்குறைய ஒரு மாதமாய்ச் சரியாய் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவரும் அதுவரை திறந்து சோதிக்கவில்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்தபடியே வேலை செய்துவந்த கேலின் சஸ்மேன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரின் இருக்கையில் வாரால் கட்டி, அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். படம் மறுவருஷம் வெளியாயிற்று.

ஊருக்கும் நகரத்துக்குமாய்ப் போய்வருகிற நமக்கு ஒரு வசதி உண்டு; வேறு ஊர் என்பதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு டிஸ்க் ஆவடியில் இருக்கட்டும், ஒன்று தம்பியிடம் இருக்கட்டும். மூன்றாவது காரோட்டில் இருக்க வேண்டுமானால், பூட்டிய வீட்டில் அல்ல, ஆள் வாழ்கிற உறவினர் வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். மே விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்த டிஸ்கை இணைத்து, குறியீடுகளை ஒப்பிட்டு, புதிய வருஷத்துக் கோப்புறையைச் சேர்த்துவிட்டு வாருங்கள். டப்பாவின்மேல் தேதியை எழுதுங்கள். ஐந்தாறு வருஷத்துக்கொருமுறை, அது கெடும்வரை காத்திராமல், புதிய டிஸ்குக்கு மாற்றுங்கள். எல்லாப் படங்களையும் ஒரே பெரிய ஜிப் கோப்பாய்க் கட்ட வேண்டாம். ஒரு சிறு பழுது மூட்டை முழுவதையும் திறக்கவொட்டாமல் செய்துவிடக்கூடும். சற்றுக் கணினி அறிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் மல்டிபார் என்னும் இலவச நிரலைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மூலக் கோப்புகளின் அளவில் பத்து சதவீதம் கூடுதல் இடம் கொடுத்தால், ஏறக்குறைய அந்த அளவுக்கு உட்பட்ட சேதத்தை அதுவே கணக்கிட்டுத் திருத்திவிடும். டிஸ்குக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதை வீட்டில் இரண்டு பேராவது அறிந்திருக்க வேண்டும். டிஸ்கின் கேபிளையும் அதே டப்பாவிலே வையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த வடிவக் கேபிள் கடையில் கிடைக்காமற்போகலாம்.

பழைய கன்வென்ஷன் செய்திகளும் பாடல்களும் பதிந்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது எப்படியென்று வேறு சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம். அதுவரை அந்த நாடாக்களை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு, திரும்பச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.